செவலையின் கழுத்துக் கயிறு

நனைந்த நூல் கயிற்றுக்கு ஒரு வாசனை உண்டு. மூலக்குளத்தில் துணி காயப்போடக் கொடி வாங்கப் போனபோது, கடை வாசலில் சாரல் பட்டுக் கிடந்த கயிற்றுக் கட்டிலிருந்து அது எழுந்து வந்தது. பாதி பஞ்சு, பாதி மழை. பின்னால் பேருந்து ஹாரன் அடித்தபடி நிற்கிறது. கடைக்காரர் "எத்தினி மீட்டரும்மா?" என்கிறார். நான் கயிற்றை மூக்கருகே கொண்டுபோகிறேன். புதுக் கயிறுதான், எந்த மாட்டின் கழுத்தையும் அது பார்த்ததில்லை. ஆனாலும் அதற்குள்ளிருந்து வைக்கோல் தூசும், வியர்வையும், ஒரு பசுவின் கழுத்து மடிப்புச் சூடும் வந்தன. கூடவே ஒரு மாசி மாதத்துத் திங்கட்கிழமையும் வந்தது.

"கயித்த மோந்து பாத்து வாங்கற மொத ஆளு நீங்கதாம்மா" என்றார் கடைக்காரர்.

அந்த வருஷம் நான் மொழிபெயர்ப்பு வேலையில் இருந்தேன். அதற்கு முந்தைய வருஷம் ஒரு புத்தகக் கடை. அதற்கும் முன்னால் பாதி வருஷம் ஒரு பள்ளிக்கூடம். எனக்குக் கால் ஓரிடத்தில் நிற்காது. எழுதுவதும் அப்படித்தான், ஒரு வரி முடிவதற்குள் மனசு வேறு ஊருக்குப் போயிருக்கும். நாற்பத்தெட்டு வயதில் இனி மாறப்போவதில்லை என்று வீட்டில் எல்லோரும் விட்டுவிட்டார்கள்.

குளிர் நாடு ஒன்றிலிருந்து ஓர் ஆய்வாளர் வந்திருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும், நெட்டையான பெண். மனிதர்கள் விலங்குகளைப் பற்றி என்ன நினைக்கிறார்கள், அவற்றின் சுகதுக்கத்தைத் தங்கள் கணக்கில் எங்கே வைக்கிறார்கள் என்று நாடு நாடாகக் கேட்டுக்கொண்டு போகிறவர். எல்லா ஊருக்கும் ஒரே கேள்வித்தாள். நாய்கள் வண்டி இழுக்கும் பனிநாட்டில் கேட்டதை, குதிரைக் கறி சாப்பிடும் மலையூரில் கேட்டதை, வில்லியனூரிலும் பாகூரிலும் கேட்க வேண்டும். நான் தமிழில் கேட்பேன், பதிலை அவருக்கு ஆங்கிலத்தில் சொல்வேன். சிலவற்றுக்கு ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண், சிலவற்றுக்கு டிக். என் ஸ்கூட்டரின் பின்னால் அவர் உட்கார்ந்தால் முழங்கால்கள் இரண்டும் என் இடுப்பைத் தாண்டி முன்னால் வரும்.

மூன்று வாரம் சுற்றினோம். அந்த மூன்று வாரமும் இப்போது நினைத்தால் ஒரே விடியற்காலையாக இருக்கிறது. கரும்புத் தோட்டங்களுக்கு மேலே பனி, பாகூர் ஏரியில் தண்ணீரும் வானமும் ஒட்டிக்கொண்ட இடத்தில் கொக்குகள், எங்கிருந்தோ ஒரு டிராக்டரின் சத்தம். சத்தம் வரும், டிராக்டர் வராது.

மணப்பட்டுக் கடற்கரையில் மீன் விற்கும் பெண்களிடம் கேட்டோம், "மீனுக்கு வலிக்கும் என்று நினைக்கிறீர்களா?"

கூடையைக் கழுவிக்கொண்டிருந்தவள் நிமிராமலே சொன்னாள். "மீனு கத்தித் தொலைச்சிருந்தா எங்க ஆளு ஒருத்தன் கடலுக்குப் போயிருப்பானா? கத்தல. அதனால நாங்க சாப்புடறோம்."

"அஞ்சுக்கு எத்தனை போடட்டும்?"

"வலிக்கா? ஒனக்கு எத்தினி தோணுதோ போட்டுக்க. எனக்கு இன்னிக்கி இடுப்பு வலிக்கு அஞ்சு போடு."

நாங்கள் கிளம்பும்போது அவளே கூப்பிட்டு, வலையில் ஆமை ஏறினால் வலையை அறுத்தாவது விட்டுவிடுவார்கள் என்று சொன்னாள். ஏன் என்று கேட்டதற்கு, "அது அழுவும், பாத்துக்கினு நிக்க முடியாது" என்றாள். ஆய்வாளர் மணலில் உட்கார்ந்து அதை எழுதினார். அலை வந்து அவர் செருப்பை எடுத்துப் போய், கொஞ்சம் யோசித்து, திரும்பக் கொண்டுவந்து வைத்தது.

வில்லியனூர்ப் பக்கம் ஒரு பெரியவர் எங்களை மாட்டு லோன் கொடுக்க வந்தவர்கள் என்று நினைத்துக்கொண்டார். கேள்வி எல்லாவற்றுக்கும் ஐந்து போடச் சொன்னார். லோன் இல்லை என்று தெரிந்ததும், "அப்ப நாய்க்கு ரெண்டாக் கொறைச்சிடு" என்றார்.

அப்படி ஓடிக்கொண்டிருந்த நாட்களில்தான் அந்தத் திங்கட்கிழமை. பாகூரிலிருந்து மேற்கே, நெட்டப்பாக்கம் போகும் பக்கத்தில், சின்ன ஊர். கடைசி வீடு. வீட்டுக்காரி என்னைவிட நாலைந்து வயது பெரியவள். கணவர் இல்லை. ஒரு காணி நெல், ஒரு பசு. மகன் மூலக்குளத்தில் வாடகை வீட்டில் குடும்பத்தோடு இருந்தான்.

"மாட்டப் பத்திக் கேக்கத்தான வந்தீங்க? வாங்க, வாங்க. இன்னிக்கே கேட்டுக்குங்க. நாளைக்கி வந்தா மாடு இருக்காது."

மாட்டுக் கொட்டாயில் நின்றது அது. செவலை நிறம். கொம்பில் பொங்கலுக்கு அடித்த நீலம் பாதி உதிர்ந்து, பாதி இருந்தது. இரண்டு வருஷமாகச் சினை பிடிக்கவில்லை. அவளுக்கோ வலது முழங்கால் போய்விட்டது. உட்கார்ந்து புல் அறுத்தால் எழுந்திருக்க இன்னொரு ஆள் வேண்டும். டாக்டர் ஆபரேஷன் என்கிறார், மகன் விற்றுவிடு என்கிறான், அவனே போனில் வியாபாரியிடம் பேசி முடித்துவிட்டான். மறுநாள் மதகடிப்பட்டில் சந்தை. செவ்வாய்க்கிழமை வாசலைத் தாண்டி மாடு போகக் கூடாது என்பதால் திங்கள் சாயங்காலமே ஏற்றுகிறார்கள்.

"பன்னெண்டு வருசம்" என்றாள் அவள். "இதே கொட்டாயில பொறந்துது. இதோட ஆத்தாளும் இங்கதான். அந்தக் கயிறுகூட இதுக்குன்னு நானே திரிச்சது." பிறகு சட்டென்று, "சரி, கேளும்மா" என்றாள். நாற்காலியைத் திருப்பிப் போட்டு, கொட்டாய்க்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள்.

நாலாவது கேள்வியில் வியாபாரி வந்தார். குட்டியானை என்று எல்லோரும் சொல்லும் சின்ன லோடு வண்டி. தோளில் பச்சைத் துண்டு போட்ட ஒல்லி மனிதர். ரூபாயை அவள் கையில் வைத்தார், அவள் எண்ணாமல் இடுப்பில் செருகினாள். அவர் புதுக் கயிறு ஒன்றை எடுத்துக்கொண்டு கொட்டாய்க்குள் போனார்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்தப் பக்கத்தில் மாட்டை விற்பார்கள், கயிற்றை விற்க மாட்டார்கள். வாங்குகிறவர் தன் கயிற்றைக் கட்டுவார். விற்கிறவர் தன் கையால் பழைய கயிற்றை அவிழ்த்துக் கொட்டாயிலேயே மாட்டிவைப்பார். கயிறு மாட்டோடு போய்விட்டால் கொட்டாய் அதற்குப் பிறகு மாடு காணாது என்பது நம்பிக்கை. அவிழ்க்கிற வேலை விற்கிறவருடையது. வேறு யாரும் அதில் கை வைக்க மாட்டார்கள்.

வியாபாரி தன் கயிற்றைக் கட்டிவிட்டு, அவள் வருவாள் என்று கொஞ்சம் நின்றார். நான் அப்போது பதினோராம் கேள்வியைப் படித்துக்கொண்டிருந்தேன்.

"விற்ற பிறகு உங்கள் விலங்கு எங்கே போகிறது என்று உங்களுக்குத் தெரியுமா? மூணு பதில் இருக்குதுக்கா. தெரியும். தெரியாது. தெரிந்துகொள்ள விரும்பவில்லை."

"மூணாவது இன்னா சொன்ன?"

"தெரிஞ்சிக்க இஷ்டமில்லன்னு."

அவள் என் கையிலிருந்த தாளைப் பார்த்தாள். எழுத்தைப் பார்க்கிற பார்வையாக அது இல்லை, கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கிற மாதிரி இருந்தது. பின்னால் வண்டிப் பலகையில் குளம்புச் சத்தம் கேட்டது. வண்டி உறுமியது. வியாபாரி, "வரேங்க்கா" என்றார். அவள் தலையை ஆட்டினாளா என்றுகூட எனக்கு நினைவில்லை. பழுத்த வேப்பிலை ஒன்று சுற்றிச் சுற்றி வந்து கேள்வித்தாளின் மேல் விழுந்ததும், ஆய்வாளர் அதைத் தட்டிவிடாமல் பார்த்துக்கொண்டிருந்ததும்தான் நினைவிருக்கிறது. எவ்வளவு நேரம் அப்படி இருந்தோமோ. வண்டிச் சத்தம் தூரத்தில் தேய்ந்து, ஒரு வண்டின் சத்தமாகி, அதுவும் நின்றது.

அவள் எழுந்து கொட்டாய்க்குள் போனாள். உள்ளே போனவள் கத்தினாள்.

"ஐயோ, கயிறு!"

கயிறு மாட்டும் ஆணி வெறுமனே இருந்தது.

நான் ஆய்வாளருக்கு ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் முகம் வெளுத்தது. "நம் கேள்வியால் நடந்தது. அவர் என்ன செய்கிறார் என்று பார்க்கத்தான் வந்தேன், செய்ய விடாமல் தடுத்துவிட்டேன்" என்றார். பிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரைக் காட்டினார்.

"மூணு பேரா?" என்றேன்.

"என் காலு இருக்கற இருப்புக்கு நான் நடந்தா போவேன்? நடுவுல ஒக்கார்றேன், நீ வுடும்மா வண்டிய" என்றாள் அவள்.

ட்ரிபிள்ஸ் போனோம். மூன்று நடுவயதுப் பெண்கள் என்று சொல்ல முடியாது, ஒருத்தி இளையவள். ஆனால் அந்த ஸ்கூட்டருக்கு வயது வித்தியாசம் தெரியவில்லை, ஒரே மாதிரி முனகியது. இரண்டு பக்கமும் நெல் மஞ்சளாகி அறுப்புக்குக் காத்திருந்தது. வெயில் சாய்ந்து, வயல்களின் மேல் ஓர் அரிசிக்கஞ்சி நிறம் பரவிக்கொண்டிருந்தது. என் முதுகில் அவள் மூச்சு பட்டது. "கயித்த மட்டும் வாங்கிக்கினு வந்துடலாம். கயிறு மட்டும்தான்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை.

நெட்டப்பாக்கத்தில் ஒரு டீக்கடை வாசலில் குட்டியானை நின்றிருந்தது. பின்னால் செவலை, தலையைக் கம்பிக்கு மேலே நீட்டி, போகிற வருகிற பேருந்தையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது. கழுத்தில் இரண்டு கயிறு. ஒன்று வெள்ளை, ஒன்று மண் நிறம்.

வியாபாரி டீ டம்ளரோடு எழுந்து வந்தார். "இன்னாக்கா, வெள்ளக்காரம்மாவலாம் கூட்டிக்கினு படையெடுத்து வந்துட்ட?"

"கயிறு."

அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "அட ஆமா! நானும் நின்னு பாத்தேன். நீ பேசிக்கினு இருந்த. அவுத்துருப்பன்னு நெனச்சிட்டேன். தப்பு எம்மேலயும்தான். ஏறு, அவுத்துக்க."

பலகையை இறக்கினார். அவள் ஒரு கையால் முழங்காலையும் ஒரு கையால் கம்பியையும் பிடித்துக்கொண்டு ஏறினாள். செவலை அவள் தோளில் மோவாயை வைத்தது. அவள் விரல்கள் முடிச்சுக்குப் போயின. போய் அங்கேயே இருந்தன.

டீக்கடையில் பால் பொங்கி அடங்கியது. வியாபாரி டீயைக் குடித்து முடித்து, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்தார்.

"இன்னாக்கா?"

"அவுக்க வரல."

"நீ போட்ட முடிச்சி, ஒனக்கே வரலியா?"

"எறுகிப்போச்சி."

நான் பக்கத்தில்தான் நின்றேன். அந்த விரல்கள் முடிச்சை அவிழ்க்கவில்லை. பேன் பார்க்கிற மாதிரி அதைத் தடவிக்கொண்டிருந்தன.

ஆய்வாளர் பலகையில் ஏறினார். அவர் ஆட்டுப் பண்ணையில் வளர்ந்தவர், முடிச்சுகளைப் பற்றி எனக்கே ஒரு நாள் பாடம் எடுத்திருக்கிறார். குனிந்து பார்த்தார். விரல்களால் முடிச்சை ஒரு முறை தொட்டார். நூல் லேசாக நெகிழ்ந்ததை நான் பார்த்தேன். உடனே கையை எடுத்துப் பின்னால் கட்டிக்கொண்டு, தனக்குத் தெரிந்த இரண்டு தமிழ் வார்த்தைகளில் ஒன்றைச் சொன்னார்.

"இல்லை."

மூன்று வாரத்தில் அவர் உண்மையில்லாத ஒன்றைப் பதிவு செய்தது அப்போதுதான்.

வியாபாரி எங்கள் மூன்று பேரையும் வரிசையாகப் பார்த்தார். "மூணு பொம்பளைங்க சேந்து ஒரு முடிச்ச அவுக்க முடியல. நானு அத நம்பணும். சரி, அருவா இருக்குது, அறுத்துடறேன்."

"அறுத்த கயித்தக் கொட்டாயில மாட்டச் சொல்றியா? ஒன் வூட்ல மாட்டுவியா நீ?"

"மாட்ட மாட்டேன்" என்றார் அவர். பச்சைத் துண்டால் முகத்தைத் துடைத்தார். அவருக்குப் பெரிய நஷ்டமில்லை, பெரிய லாபமும் இருந்திருக்காது. ஆனாலும் விட்டுக்கொடுப்பதற்கு ஒரு மனிதருக்குச் சிறிது நேரம் தேவைப்படுகிறது. "ஒம்புள்ள நாளைக்கி எனக்கு போன போட்டுத் திட்டுவான்க்கா."

"அவன நான் பாத்துக்கறேன்."

இடுப்பில் செருகியிருந்த ரூபாயை அப்படியே எடுத்து நீட்டினாள். அவரும் எண்ணவில்லை. செவலை பலகையில் தடதடவென்று இறங்கியது. "இரு இரு, எங்கயித்தக் குடு" என்று அவர் ஓடி வந்து, தன் வெள்ளைக் கயிற்றை ஒரே இழுப்பில் அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார். "இது எனக்கு ராசி" என்றார் ஆய்வாளரைப் பார்த்து. நான் மொழிபெயர்ப்பதற்குள் அவர் தலையை ஆட்டிவிட்டார்.

திரும்பும்போது ஓர் ஊர்வலம் போலத்தான் போனோம். முன்னால் நான், மாடு நடக்கும் வேகத்தில் ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டு, இரண்டு காலையும் தரையில் தேய்த்தபடி. பின் இருக்கையில் ஒருபக்கமாக அவள், கையில் கயிறு. கயிற்றின் மறுமுனையில் செவலை. அதற்கும் பின்னால் கேள்வித்தாள் பையோடு அந்த நெட்டைப் பெண். பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. வாய்க்கால் தண்ணீரில் இன்னொரு ஊர்வலம் தலைகீழாகக் கூடவே வந்தது. அதில் மாடு முன்னால் போவது போலவும் நாங்கள் அதன் பின்னால் மிதப்பது போலவும் தோன்றியது. எதிரே வந்த பேருந்து வேகத்தைக் குறைத்தது. ஜன்னல்களில் முகம் முகமாகப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

அவள் போன் அடித்தது. மகன். ஊர்வலம் நிற்காமலே பேசினாள்.

"ம்... சாப்புட்டேன்... ஆமா, வந்தாரு... கூச்சல் போடாதடா, ரோட்ல கீறேன்... இல்ல, குடுக்கல... ஏன்னா கேக்கற? முடிச்சி அவுக்க வரல... சிரிக்கிறியா? சிரி. ஞாயித்துக்கெழம வந்து நீ ஒரு கட்டு புல்லு அறுத்துப் போட்டுட்டுச் சிரி."

போனை வைத்துவிட்டு என் முதுகைத் தட்டி, "அந்தம்மா ஊர்ல இன்னா பண்ணுவாங்க, கேளு" என்றாள்.

கேட்டேன். ஆய்வாளர் பின்னாலிருந்து சொல்ல, நான் தலையைத் திருப்பித் திருப்பித் தமிழில் சொன்னேன். எங்கள் ஊரில் இலையுதிர் காலத்தில் ஆட்டை நாங்களே அறுப்போம், என்றார் அவர். என் அப்பாதான் அறுப்பார். அதற்கு முன் உள்ளங்கையால் ஆட்டின் கண்ணை மூடுவார், அது பயப்படாமல் இருக்க. அந்தக் கையின் சூடு ஆட்டுக்குப் பழக்கம், குட்டியிலிருந்து அதே கைதான் பால் கொடுத்தது. சின்ன வயதில் எனக்கு அது அன்பாகத் தெரிந்தது. பிறகு கொடூரமாகத் தெரிந்தது. இப்போது எதுவாகத் தெரிகிறது என்று சொல்ல வரவில்லை. அதைக் கண்டுபிடிக்கத்தான் ஊர் ஊராகக் கேட்டுக்கொண்டு போகிறேனோ என்னவோ.

அவள் கயிற்றைக் கையில் ஒரு சுற்று சுற்றிக்கொண்டாள். "ஆட்டு கண்ண மூடுனாரு. சரி. அப்ப அவரு எங்க பாத்தாராம்?"

நான் அதை ஆங்கிலத்தில் சொன்னேன். செவலையின் குளம்புச் சத்தமும் அவருடைய செருப்புச் சத்தமும் மட்டும் மாறி மாறி வந்தன. வெகு தூரம் போனபின், "நான் அவர் முகத்தைப் பார்த்ததே இல்லை. எப்போதும் கையைத்தான் பார்த்தேன்" என்றார்.

ஊருக்குள் நுழைந்தபோது விளக்கு வைத்துவிட்டார்கள். செவலை எங்களுக்காகக் காத்திருக்கவில்லை. கயிற்றை அவள் கையிலிருந்து இழுத்துக்கொண்டு தானே கொட்டாய்க்குப் போய், தான் நிற்கிற இடத்தில் நின்றது. அவள் தொட்டித் தண்ணீரில் தவிட்டைக் கரைத்து வைத்தாள். குனிந்தவள் நிமிர முடியாமல் என் தோளைப் பிடித்தாள். அந்தக் கையின் கனம் எனக்கு அப்போதுதான் உறைத்தது. நாளைக் காலையிலும் அவள் குனிய வேண்டும். நாளை மறுநாளும். நாங்கள் அப்போது மணப்பட்டிலோ வேறெங்கோ கேள்வி கேட்டுக்கொண்டிருப்போம்.

ஆய்வாளர் தாளை எடுத்தார். பதினோராம் கேள்வி வெறுமையாக இருந்தது. எதில் டிக் போடட்டும் என்று கேட்கச் சொன்னார். நான் கேட்க விரும்பவில்லை. ஆனாலும் என் வேலை அது.

"யக்கா, அந்த ஒரு கேள்வி பாக்கி. மூணுல எது?"

அவள் முடிச்சைப் பிடித்து, ஒரே இழுப்பில் அவிழ்த்து, மாட்டின் கழுத்தைச் சொறிந்துவிட்டு, கயிறு பதிந்திருந்த இடத்தை உள்ளங்கையால் தேய்த்தாள். கொஞ்சம் தளர்த்தி மறுபடி கட்டினாள். எங்கள் இரண்டு பேர் எதிரிலேயே. ஆய்வாளர் சிரிப்பை அடக்க வேறு பக்கம் திரும்பினார். பிறகு தாளை மடித்துப் பைக்குள் வைத்தார், டிக் இல்லாமல்.

நான் ஸ்கூட்டரைத் திருப்பி நிறுத்தினேன். ஆய்வாளர் கை கூப்பி, தனக்குத் தெரிந்த இன்னொரு தமிழ் வார்த்தையைச் சொன்னார். "சரி."

"சரி சரி" என்றாள் அவள். வாசல் வரை நொண்டிக்கொண்டே வந்து, என் வண்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

"இந்தாம்மா, அடுத்த வாட்டி மாட்டப் பத்தி கேள்வி கேக்க வந்தா, வெறுங்கையோட வராத. ஒரு கட்டு புல்லு அறுத்து எடுத்தாந்து போட்டுட்டு, அப்பறம் கேளு."